சரிவான மனைக்கு 1:500 கான்டூர் மாடல்: தாள் தடிமன், அடுக்கும் முறை, வளையாமல் ஒட்டுவது

வரைமேசை (கேள்வி)

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு ஸ்டூடியோ வேலை. சரிவான மனையில் ஒரு சிறு நூலகம் வடிவமைக்க வேண்டும். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரே மனை மாடல்தான். அவரவர் கட்டடத்தை அதிலேயே மாற்றி மாற்றி வைத்துக் காட்ட வேண்டும்.

மனை 240 மீ × 160 மீ. சரிவு நீளவாக்கில். தாழ்ந்த பக்கம் 62 மீ மட்டம், உயர்ந்த பக்கம் 80 மீ. சர்வேயில் கான்டூர் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு) உயரத்தில் 1 மீட்டருக்கு ஒன்று. தென்மூலையில் மட்டும் கோடுகள் நெருங்கி, தரையில் 2 மீட்டர் நகர்ந்தாலே அடுத்த கோடு வந்துவிடுகிறது. ஸ்கேல் 1:500. கிரே போர்டு (சாம்பல் நிறக் கெட்டி அட்டை) ஏ1 தாளாக வாங்கிக்கொள்ளலாம். லேசர் கட்டர் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதில் தாளை வைக்கும் படுக்கை 600 × 400 மி.மீ.

தெரிய வேண்டியவை: தாள் எத்தனை மி.மீ. எடுப்பது? ஒவ்வொரு அடுக்கையும் முழுசாக வெட்ட வேண்டுமா, பட்டை பட்டையாக வெட்டித் தாளை மிச்சப்படுத்தும் முறை போதுமா? ஒட்டியபின் மாடல் ஓரம் தூக்கிக்கொண்டு வளைவது ஏன், எப்படித் தவிர்ப்பது? ஐந்து வடிவமைப்பையும் ஒரே மாடலில் மாற்றி வைக்க என்ன வழி?


மட்டப்பலகை

முதலில் கணக்கு. தாளின் தடிமன்தான் கான்டூர் இடைவெளி. 1 மீட்டரை 500-ஆல் வகுத்தால் 2 மி.மீ., ஆகவே 2 மி.மீ. போர்டு. மனை 480 × 320 மி.மீ. ஆகும். 62-ஐ அடிப்பலகையின் மேல்மட்டமாக வைத்துக்கொண்டால் 63 முதல் 80 வரை 18 அடுக்கு, மொத்த உயரம் 36 மி.மீ. இதே மனையை 1:200-இல் செய்வதானால் 5 மி.மீ. தாள் வேண்டும், 1:1000 என்றால் 1 மி.மீ. ஸ்கேலையும் தாளையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும்.

கடையில் 2 மி.மீ. என்று கொடுக்கும் தாள் சரியாக 2 மி.மீ. இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1.9-உம் வரும், 2.1-உம் வரும். ஒரு தாளில் 0.1 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. 18 அடுக்கில் அது 1.8 மி.மீ., தரையில் 0.9 மீட்டர். ஏறக்குறைய ஒரு கான்டூரே கூடிவிடுகிறது. வரைபடத்தில் இருக்கும் உயரத்துக்குக் கட்டடத்தைச் செய்துகொண்டு வந்து வைத்தால் வாசற்படி மண்ணுக்குள் போவது இதனால்தான். ஆகவே தாள் வாங்கியதும் 10 சிறு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையால் அழுத்திப் பிடித்து வெர்னியர் காலிப்பரில் அளந்து 10-ஆல் வகுத்து எழுதி வையுங்கள். இனிமேல் அந்த எண்தான் உங்கள் தடிமன்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 63-ஆம் கான்டூரில் வெட்டிய அடுக்கின் மேல்பரப்பு 63 மீ மட்டத்தில் இருக்கிறது. அதற்கும் 64-ஆம் கோட்டுக்கும் நடுவே உள்ள நிலம் உண்மையில் 63-லிருந்து 64 வரை ஏறிக்கொண்டே போகிறது. மாடலோ அந்தப் பட்டை முழுவதையும் 63 என்றே காட்டுகிறது. அதாவது படிப்படியாக அடுக்கிய மாடலில் நிலம் எப்போதும் உண்மையைவிடத் தாழ்ந்தே நிற்கும். கோட்டின் மேல் சரியாக இருக்கும், அடுத்த கோட்டை நெருங்க நெருங்க ஒரு மீட்டர் வரை குறையும். உங்கள் நூலகத் தரை 70.6 மீ என்றால் அடிப்பலகையிலிருந்து 8.6 மீ, மாடலில் 17.2 மி.மீ. அங்கே 70-ஆம் அடுக்கின் மேல்பரப்பு 16 மி.மீ. கட்டடம் 1.2 மி.மீ. தூக்கித் தெரியும். அது பிழை இல்லை, அப்படித்தான் தெரிய வேண்டும். அழகுக்காகக் கட்டடத்தைக் கீழே இறக்கி அடுக்கின் மேல் உட்கார வைத்தால் மட்டம் பொய்யாகிவிடும்.

கோட்டை 62.5, 63.5 என்று அரை மீட்டரில் வெட்டி இந்த வித்தியாசத்தை இரு பக்கமும் பாதியாகப் பிரிப்பவர்களும் உண்டு. மாணவர் வேலைக்கு வேண்டாம் என்பேன். சர்வே தாளில் இருக்கும் கோடும் மாடலில் இருக்கும் விளிம்பும் ஒன்றாக இருந்தால்தான் விரலை வைத்து மட்டம் சொல்ல முடியும்.


மூலைமட்டம்

பட்டை முறை பற்றி. ஒரு தாளில் 1, 3, 5 என ஒற்றைக் கோடுகளையும் இன்னொரு தாளில் 2, 4, 6 என இரட்டைக் கோடுகளையும் வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் இரண்டு கான்டூர் அகலம் இருக்கும். முன்பாதி வெளியே தெரியும், பின்பாதியின் மேல் அடுத்த பட்டை உட்காரும். 18 அடுக்குக்கு 480 × 320 அளவில் இரண்டே துண்டு போதும். ஒரு ஏ1 தாளில் (594 × 841) அந்த அளவில் இரண்டு துண்டு எடுக்கலாம். கணக்குப்படி ஒரே தாளில் மனை முடிந்தது.

சிக்கல் உங்கள் தென்மூலையில். 2 மீ இடைவெளி மாடலில் 4 மி.மீ.தான். இரண்டு கான்டூர் அகலப் பட்டை அங்கே 8 மி.மீ. ஆகிறது, அதில் ஒட்டுவதற்கு 4 மி.மீ. மட்டுமே. வெட்டும்போதே ஒடியும், ஒடியாவிட்டால் ஒட்டும்போது நழுவும். தாளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பட்டை அகலமாகும்: நான்கு துண்டு எடுத்து முதலாவதில் 1, 5, 9 என்றும் இரண்டாவதில் 2, 6, 10 என்றும் வெட்டிப் போனால் பட்டை நான்கு கான்டூர் அகலம். செங்குத்தான இடத்தில் 16 மி.மீ., அதில் ஒட்டும் பகுதி 12 மி.மீ. பிடிக்கும். இரண்டு ஏ1 தாள்.

பட்டைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், தாங்கு வைக்க வேண்டும். தாங்கின் உயரத்தை அளவுகோலால் அளந்து வெட்டாதீர்கள். அதே போர்டின் கழிவுத் துண்டுகளை எண்ணி அடுக்குங்கள். 70-ஆம் அடுக்கின் அடிப்பகுதிக்கு 7 துண்டு. தாளின் தடிமன் 2.1 ஆக இருந்தாலும் தாங்கும் அதே அளவு உயரும், கணக்கு கலையாது. தாங்குகளை 60 முதல் 80 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். நாலு பக்கமும் உள்ளே ஓட்டை தெரியும், ஆகவே சரிவின் வெட்டுமுகத்தை வரைந்து பக்கப் பலகை ஒட்டி மறைக்க வேண்டும்.


மட்டப்பலகை

மூலைமட்டம் சொன்ன கணக்கு சரி. ஆனால் இந்த மனைக்கு முழு அடுக்குத்தான் நல்லது என்பது என் கருத்து. காரணம் தாளின் அளவு. சரிவு ஏற ஏற அடுக்கு சிறுத்துக்கொண்டே போகிறது. 63-ஆம் அடுக்கு ஏறத்தாழ மனை முழுக்க, 80-ஆம் அடுக்கு ஓரத்தில் ஒரு கீற்று. பெரியதோடு சிறியதை ஜோடி சேர்த்தால் ஒரு 480 × 320 செவ்வகத்துக்குள் இரண்டு அடுக்கு அடங்கும். 9 செவ்வகம், 5 ஏ1 தாள். பட்டை முறையைவிட மூன்று தாள்தான் கூடுதல்.

எடையும் பெரிதில்லை. 2 மி.மீ. கிரே போர்டு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. மொத்தப் பரப்பு 1.4 ச.மீ. வரும், ஆக 1.7 கிலோ. 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடிப்பலகை சேர்த்தாலும் 3 கிலோவை ஒட்டித்தான். ஒருவர் தூக்கிப் போகலாம். தாங்கு எண்ணி ஒட்டும் வேலை இல்லை, பக்கப் பலகை தேவையில்லை, கட்டடத்தைப் பதிக்க எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். இதே மனையை 1:200-இல் செய்தால் 1200 × 800 மி.மீ., 5 மி.மீ. தாள், அப்போது பட்டை முறைதான், முழுதாக அடுக்கினால் தூக்கவே முடியாது.


வரைமேசை

முழு அடுக்கு என்றால் லேசரில் இரண்டு மணி நேரம் போதுமா? கையால் வெட்டும் பகுதியைக் குறைக்கப் பார்க்கிறோம்.


தூக்குக்குண்டு

போதும், கோப்பு ஒழுங்காக இருந்தால். ஒரு அடுக்கின் சுற்றளவு சராசரியாக 1.1 மீட்டர், 18 அடுக்குக்கு 20 மீட்டர். வினாடிக்கு 15 மி.மீ. வேகத்தில் வெட்டினால் ஏறக்குறைய 1,330 வினாடி, 22 நிமிடம். உங்கள் இயந்திரம் அதில் பாதி வேகத்தில் ஓடினாலும் முக்கால் மணி நேரம். நேரத்தைத் தின்பது வெட்டு இல்லை; தாள் மாற்றுவது, குவியம் பார்ப்பது, எழுத்தை நிரப்பிப் பொறிப்பது. படுக்கை 600 × 400 என்பதால் ஏ1 தாளை முன்னாலேயே கையால் 400 மி.மீ.-க்கு மிகாத அகலத்தில் இரண்டு துண்டாக வெட்டி (சரிபாதியாக வெட்டினால் 420 மி.மீ. வரும், படுக்கையில் அடங்காது), 9 துண்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு போங்கள். அடுக்கின் எண்ணை ஒற்றைக் கோட்டு எழுத்தாகக் கீறுங்கள். தடித்த எழுத்தை நிரப்பச் சொன்னால் ஒவ்வொரு எண்ணுக்கும் தலை முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கோப்பைத் தயார் செய்யும் வரிசை முக்கியம்:

சர்வே வரைபடம் பெரும்பாலும் மீட்டரில், ஆறு ஏழு இலக்க ஆயங்களோடு வரும். முதலில் எல்லாவற்றையும் தொடக்கப் புள்ளிக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் வளைகோடுகள் நடுங்கும். பிறகு அளவை 2 மடங்காக்குங்கள். 1 மீட்டர் 1 அலகு, மாடலில் அது 2 மி.மீ., ஆகவே பெருக்கி 2. (1:200 என்றால் 5.) பெருக்கியதும் மனையின் நீளத்தை அளந்து 480 வருகிறதா பாருங்கள்.

அடுத்தது, கான்டூர் ஒவ்வொன்றையும் அதன் மட்டத்தைப் பெயராகக் கொண்ட லேயரில் போடுங்கள்: 63, 64 என்று. இதைச் செய்தபிறகுதான் எல்லாக் கோட்டின் உயர மதிப்பையும் பூஜ்யமாக்க வேண்டும். முதலில் தட்டையாக்கிவிட்டால் எந்தக் கோடு எந்த மட்டம் என்பது போய்விடும். திரும்பக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

துண்டு துண்டாக இருக்கும் கோடுகளை ஒரே பாலிலைனாக (தொடர்கோடாக) இணையுங்கள். மனை எல்லைக்குச் சற்று வெளியே வரை கோட்டை நீட்டி, பிறகு எல்லையில் வெட்டி, சட்டத்தோடு சேர்த்து மூடிய வடிவமாக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு கிடந்தால் லேசர் இரண்டு முறை போகும், விளிம்பு கருகும். நெளிவுகளைக் குறையுங்கள்: தரையில் 10 செ.மீ. என்பது மாடலில் 0.2 மி.மீ., அதைவிடச் சிறிய நெளிவை வெட்டுவதில் பொருளில்லை. இரண்டு கான்டூர் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் அங்கே சர்வே பரப்பு தவறாகப் பின்னப்பட்டிருக்கிறது என்று பொருள். அநேகமாகத் தாங்குசுவர் ஒன்றின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கலந்திருக்கும். உங்கள் தென்மூலையில் அதைத் தேடிப் பாருங்கள். சுவர் இருந்தால் அடுக்குகளை அதன் கோட்டில் நேராக நிறுத்திவிட்டு, முகப்பில் 1 மி.மீ. போர்டைச் செங்குத்தாக ஒட்டுவதே சரி. சுவரைச் சரிவாகக் காட்டினால் வடிவமைப்பே தவறான இடத்தில் போய் நிற்கும்.

ஒவ்வொரு அடுக்கிலும் அடுத்த அடுக்கின் கோட்டை இலேசாகக் கீறி வைக்க வேண்டும். ஒட்டும்போது எங்கே வைப்பது என்று அதுதான் காட்டும். எண்ணையும் வடக்குக் குறியையும் அந்தக் கோட்டுக்கு உள்ளே, அடுத்த அடுக்கு மூடும் இடத்தில் போட்டால் முடிந்த மாடலில் தெரியாது. வெட்டும் வரிசை: முதலில் கீறல், பிறகு உள்ளே உள்ள துளைகள், கடைசியில் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும், பிறகு போடும் துளை இடம் மாறிவிழும்.

தொடங்குமுன் அதே தாளில் 20 மி.மீ. சதுரங்கள் நாலைந்து, வெவ்வேறு வேகத்தில் வெட்டிப் பாருங்கள். அடியில் முழுசாக விடுபட்டு, மேலே குறைந்த கருக்கல் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பில் புகைக்கறை படியாமல் இருக்கக் காகித மறைப்பு நாடா ஒட்டி வெட்டி உரிக்கலாம். ஓடும்போது ஒரு நிமிடம்கூட அறையை விட்டுப் போகக் கூடாது. போர்டு தீப்பிடிக்கும், காற்று ஊதும் குழாய் அடைந்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

லேசரில் எக்காரணம் கொண்டும் பிவிசி தாளை வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தின் உலோகமும் அரிக்கும். ஃபோம் போர்டும் வேண்டாம், நடுவிலுள்ள பாலிஸ்டைரின் உருகிச் சுருங்கும், பற்றிக்கொள்ளும். பாலிகார்பனேட் மஞ்சளாகிக் கருகும். கண்ணாடிபோலத் தெரிய வேண்டிய இடத்துக்கு அக்ரிலிக் சுத்தமாக வெட்டும். பெயர் தெரியாத பிளாஸ்டிக் தாள் கையில் இருந்தால் அதை லேசருக்கே கொண்டுபோகாதீர்கள்.


சாரம்

வளைவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தாளின் ஒரு முகம் மட்டும் ஈரமானால் அந்தப் பக்கத்து நார் ஊதி நீள்கிறது, காயும்போது சுருங்கி இழுக்கிறது. அடிப்பலகை மெலிதாக இருந்தால் அந்த இழுப்பில் அதுவும் சேர்ந்து வளையும். மொத்தமாக 18 அடுக்கையும் ஒரே நாளில் ஒட்டிவிட்டால் நடுவில் ஈரம் சிக்கிக்கொண்டு, ஓரம் மட்டும் காய்ந்து மேலே தூக்கும்.

ஆகவே அடிப்பலகை கெட்டியாக இருக்கட்டும்: 12 மி.மீ. எம்டிஎஃப், அல்லது 6 மி.மீ. பிளைவுட்டின் அடியில் குறுக்குச் சட்டம். அடிப்பலகையின் கீழ்முகத்திலும் ஒரு கிரே போர்டு தாளை ஒட்டிவிடுங்கள். மேலே இழுப்பதைக் கீழே இழுப்பது சமன் செய்யும். தாளுக்கு நார்த்திசை உண்டு. இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு வாக்கில் இலகுவாக வளையும். எல்லாத் தாளிலும் அந்தத் திசையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கலந்து அடுக்குவதானால் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காக வருவது நல்லது. வாங்கி வந்த தாளைக் கட்டைப் பிரித்துத் தட்டையாக ஒரு நாள் அந்த அறையிலேயே கிடத்துங்கள்.

ஒட்டும்போது பசையைக் கீழ் அடுக்கில் மட்டும், கீறிய கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ. விட்டு, மெல்லப் பரப்புங்கள். பல்வெட்டிய அட்டைத் துண்டால் இழுத்தால் அளவாகப் பரவும். வெளியே பிதுங்கிய பசை காய்ந்ததும் பளபளக்கும். அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. மூன்று அல்லது நான்கு அடுக்கு ஒட்டியதும் மேலே சமமான பலகை வைத்துப் பாரம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். பாரத்தை நேரே படிகளின் மேல் வைத்தால் விளிம்பு நசுங்கும், ஆகவே வெட்டிக் கழித்த துண்டை அதன் இடத்தில் தற்காலிகமாகத் திரும்ப வைத்து மட்டமாக்கிவிட்டு அழுத்துங்கள். கழிவைக் கடைசி வரை எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். முழுசும் முடிந்ததும் ஒரு இரவு பாரத்திலேயே இருக்கட்டும்.

நேராக அடுக்க ஒரு மூலை இருந்தால் போதும். உயர்ந்த பக்கத்து விளிம்பு 18 அடுக்குக்கும் பொது. அந்த மூலையில் இரண்டு நேர்ப்பலகையை எல் வடிவில் அடித்துவிட்டு, ஒவ்வொரு அடுக்கையும் அதில் தள்ளிப் பொருத்துங்கள். கீறிய கோடும் அடுக்கின் விளிம்பும் ஒன்றிப்போகிறதா என்று பார்த்தபிறகு அழுத்துங்கள்.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அதிலும் இதே வளைவுக் கதைதான். தண்ணீர்ப் பெயின்ட்டைத் தூரிகையால் தடிமனாக அடித்தால் தாள் சுருளும். ஸ்ப்ரே பிரைமரை மெல்லிய பூச்சாக, ஒட்டி முடித்தபின் அடிக்கலாம். என்னைக் கேட்டால் கிரே போர்டை அப்படியே விடுவதே அழகு; நிழல் விழும்போது ஒவ்வொரு படியும் கோடாகத் தெரியும்.


மூலைமட்டம்

சாரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஈரத்துக்குப் பயந்து ஸ்ப்ரே பசைக்குப் போகிறவர்கள் உண்டு. தாள் வளையாது, வேலையும் வேகம். ஆனால் சில மாதத்தில் ஓரங்கள் விட்டுக்கொள்ளும், மதிப்பீடு முடிந்து வைத்திருக்க வேண்டிய மாடலுக்கு ஆகாது. அடித்தால் திறந்த வெளியில், முகமூடியோடு அடியுங்கள். லேசர் இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது, தீப்பற்றும் ஆவி. கரைப்பான் உள்ள பசை எதுவும் பாலிஸ்டைரின் ஃபோமைக் கரைத்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

கையால் வெட்ட வேண்டி வந்தால்: வளைவுக்கு 9 மி.மீ. கட்டர், 30 டிகிரி முனை. நேர்கோட்டுக்கு 18 மி.மீ. கட்டரும் இரும்பு அளவுகோலும். 2 மி.மீ. போர்டை ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் பிளேடு சாய்ந்து விளிம்பு சரிவாகிவிடும். நான்கு முறை இலேசாகப் போங்கள். வளைவில் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். வெட்டு மழுங்கத் தொடங்கியதும் முனையை ஒடித்துப் புதிய முனையை எடுங்கள். விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் மழுங்கிய பிளேடை அழுத்தும்போதுதான்.


நிலைக்கோடு

ஐந்து வடிவமைப்பை மாற்றி வைப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைத் தாள் வெட்டும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும், அப்புறம் குடைவது கொடுமையான வேலை.

நூலகம் வரக்கூடிய பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகம் குறியுங்கள். கட்டடம் 40 × 30 மீ என்றால் செவ்வகம் 60 × 50 மீ இருக்கட்டும், மாடலில் 120 × 100 மி.மீ. அந்தப் பகுதியை எல்லா அடுக்கிலும் துளையாக விட்டுவிடுங்கள், அடிப்பலகை வரை. அதற்குள் இறங்கும் தனிக் கட்டை ஒன்றை ஒவ்வொருவரும் செய்துகொள்ளுங்கள். தங்கள் கட்டடம், வெட்டிய மண், நிரப்பிய மண், படி, சாய்தளம் எல்லாம் அந்தக் கட்டையிலேயே இருக்கும்.

துளையும் கட்டையும் ஒரே கோட்டில் வெட்டியதாக இருந்தால் நடுவில் லேசர் தின்ற 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே இடைவெளி. ஒரு தாளில் அது போதும். பத்துப் பன்னிரண்டு அடுக்கு ஒட்டும்போது ஒவ்வொன்றும் மயிரிழை நகரும், கட்டை இறங்காது. கட்டையின் அடுக்குகளை ஒவ்வொரு பக்கமும் 0.5 மி.மீ. குறைத்து வரையுங்கள். அடிப்பலகையில் கட்டைக்கு நேர் கீழே 20 மி.மீ. துளை போட்டால் விரலால் கீழிருந்து தள்ளி எடுக்கலாம். இல்லாவிட்டால் மேலே கட்டடத்தைப் பிடித்து இழுப்பார்கள், கட்டடம் கையோடு வந்துவிடும்.

இதில் வடிவமைப்புக்கே ஒரு கட்டுப்பாடு வருகிறது, நல்ல கட்டுப்பாடு. நீங்கள் மாற்றிய கான்டூர் எல்லாம் செவ்வகத்தின் விளிம்புக்குள் பழைய கான்டூரோடு திரும்பச் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால் கட்டையின் ஓரத்தில் படி இடிக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். காகிதத்தில் மண்வெட்டை மறைத்துவிடலாம், இங்கே முடியாது.

கட்டடத்தை முழுக் கட்டியாகச் செய்யுங்கள். 1 மி.மீ. போர்டில் சுவர் எழுப்பினால் 1:500-இல் அது அரை மீட்டர் தடிமன் சுவர். ஒரு மாடி 3.6 மீ என்றால் 7.2 மி.மீ. ஆள் 1.7 மீ என்றால் 3.4 மி.மீ. 15 செ.மீ. படிக்கட்டு 0.3 மி.மீ., செய்ய முயலாதீர்கள், சாய்ந்த தாளில் கோடு கீறினால் போதும். மரங்களை உயரம் பார்த்து ஒரே வகைப் பொருளில் வையுங்கள், 8 மீ மரம் 16 மி.மீ.

ஒன்று சொல்லியாக வேண்டும். நூலகம் பொதுக் கட்டடம், சக்கர நாற்காலியில் வருபவர் வாசலுக்குப் போக வேண்டும். அதற்கு மாடலையும் கான்டூர் தாளையும் வைத்தே வழி தேடலாம். 1:12 சாய்தளத்தில் 1 மீட்டர் ஏற 12 மீட்டர் போக வேண்டும், 1:500-இல் 24 மி.மீ. டிவைடரை (இரண்டு ஊசிமுனைக் கவராயம்) 24 மி.மீ.க்கு விரித்து, சாலையைத் தொடும் கான்டூரில் ஒரு முனையை ஊன்றி, அடுத்த கான்டூரைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து அடுத்தது. உங்கள் மனையில் கான்டூர்களுக்கு நடுவே சராசரி 26.7 மி.மீ., ஆக 1:13-ஐ ஒட்டிய சரிவு. பல இடங்களில் நேராகவே ஏறலாம். கோடுகள் 24 மி.மீ.-க்குள் நெருங்கும் இடத்தில் டிவைடர் தானாகவே உங்களைச் சாய்வாக இழுத்துப் போகும், அந்தச் சாய்வுதான் பாதை. ஓய்வுத் தளங்களுக்கான நீளத்தை இதன் மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். கோடுகள் 24 மி.மீ.-க்கு மேல் விலகியிருக்கும் இடத்தில் முனை அடுத்த கோட்டை எட்டாது, அங்கே நேராகவே போகலாம். தென்மூலையில் 4 மி.மீ. இடைவெளி இருக்கும் இடத்தில் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாகவே போக வேண்டியிருக்கும். வாசலை அந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.


வரைமேசை

எல்லாருக்கும் நன்றி. 10 துண்டு அளந்ததில் 20.6 மி.மீ. வருகிறது. அப்படியானால் ஒரு தாள் 2.06. கட்டடத்தின் தரை உயரத்தை 2 மி.மீ. கணக்கில் வைப்பதா, 2.06 கணக்கில் வைப்பதா? கட்டடத்தின் உயரத்தையும் மாற்ற வேண்டுமா?


மட்டப்பலகை

நிலத்தைத் தொடும் எதுவும் 2.06 கணக்கில். 70.6 மீ தரை என்றால் 8 அடுக்கு 16.48, மீதி 0.6 மீட்டருக்கு 1.24, ஆக 17.7 மி.மீ. முன்பு சொன்ன 17.2-ஐ வைத்தால் தரை கால் மீட்டர் தாழ்ந்துவிடும். சாலையிலிருந்து வாசல் மட்டம், தாங்குசுவரின் தலை, சாய்தளம் சேரும் இடம் எல்லாவற்றுக்கும் இதே பெருக்கல்.

கட்டடம் ஒரே தரைமட்டத்தில் நிற்பதாக இருந்தால் அதன் உயரத்தை உண்மையான ஸ்கேலிலேயே விடுங்கள். இரண்டு மாடி 7.2 மீட்டருக்கு 14.4 மி.மீ.; 2.06 கணக்கில் 14.8. அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. சரிவோடு சேர்ந்து மூன்று நான்கு மட்டமாக இறங்கும் கட்டடம் என்றால் அதற்கு மட்டும் உயரங்களையும் 2.06-ஆல் பெருக்குங்கள். இல்லாவிட்டால் மேல்மட்டத் தரை நிலத்தோடு சேரும், கீழ்மட்டத் தரை தொங்கும்.

பசையின் தடிமனும் கொஞ்சம் கூடும். ஆகவே முதல் 8 அடுக்கு ஒட்டிக் காய்ந்ததும் அதே இடத்தில் காலிப்பரை வைத்து இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணை ஐந்து பேருக்கும் கொடுத்துவிடுங்கள். ஐந்து கட்டைக்கும் வேண்டிய தாளை மனைக்கு வாங்கிய அதே கட்டிலிருந்தே எடுத்து வையுங்கள், வேறு கட்டில் தடிமன் மாறும்.